செல்லாத கடவுச்சீட்டு

நுழையும்முன்

அயல்நாட்டில் ஆய்வுப்பணி மேற்கொள்ள விரும்பும் ஒருவருக்கு அறிவும் அழைப்பும் மட்டும் போதுவதில்லை. தன் நாடு வழங்கும் கடவுச்சீட்டு வேண்டும். செல்லவிருக்கும் நாடு வழங்கும் நுழைவிசைவு வேண்டும். பெரும்பாலோர்க்கு இவை சில வாரக் காத்திருப்பில் கிடைத்துவிடுகின்றன. இவை மறுக்கப்பட்டதால் உயிருக்கே இடர் நேரும் நிலையை அடைந்த அறிவியலறிஞர் ஒருவர் இருந்தார். அணுக்கருப் பிளவின் இயற்பியலை உலகிற்கு விளக்கிய லீசே மைட்னரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வியன்னாவில் தொடங்கிய தேடல்

லீசே மைட்னர் 1878ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பிலிப் மைட்னர் வழக்கறிஞர். எட்டுக் குழந்தைகளுள் லீசே மூன்றாமவர். நூல்களும் இசையும் உரையாடலும் நிறைந்த அவ்வீட்டில் ஆண், பெண் என்ற வேறுபாடின்றிக் குழந்தைகள் அனைவரும் அறிவார்வத்தோடு வளர்ந்தனர். வீட்டிற்கு வெளியே நிலைமை வேறாக இருந்தது. அக்கால ஆஸ்திரியாவில் பெண்களுக்கான பள்ளிக்கல்வி பதினான்கு வயதோடு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்கப் பல்கலைக்கழகமும் இல்லை; பல்கலைக்கழகத்திற்கு ஆயத்தப்படுத்தும் பள்ளியும் இல்லை.

1897ஆம் ஆண்டில் வியன்னாப் பல்கலைக்கழகம் பெண்களுக்குத் தன் வாயிலைத் திறந்தது. ஆயினும் நுழைவுக்குரிய தேர்வில் வெற்றி பெறவேண்டும். பள்ளியில் எட்டு ஆண்டுகள் கற்கவேண்டிய பாடங்களை மைட்னர் தனிப்பயிற்சியில் மிகக் குறுகிய காலத்தில் கற்றுத் தேர்வை எழுதினார். 1901இல் தேர்ச்சி பெற்று, ஏறத்தாழ இருபத்து மூன்றாம் வயதில் பல்கலைக்கழக மாணவியானார். அங்கே லுத்விக் போல்ட்ஸ்மான் என்னும் பேராசிரியரின் விரிவுரைகள் இயற்பியலின்பால் அவர் உள்ளத்தை முழுமையாக ஈர்த்தன. 1906இல் முனைவர் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்ற பெண்ணுக்கு ஆய்வுப்பணி தருவார் வியன்னாவில் இல்லை. புகழ்பெற்ற இயற்பியலறிஞர் மாக்ஸ் பிளாங்க்கின் விரிவுரைகளைக் கேட்கும் நோக்கத்தோடு 1907இல் அவர் பெர்லின் நகருக்குப் பயணமானார். சில காலமே தங்கியிருக்க எண்ணிச் சென்றவர், அந்நகரில் முப்பத்தோர் ஆண்டுகள் வாழ்ந்தார்.

தச்சுக்கூடமே ஆய்வுக்கூடம்

பெர்லினில் தம் வயதொத்த வேதியியலறிஞர் ஆட்டோ ஹானை மைட்னர் சந்தித்தார். கதிரியக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹானுக்கு இயற்பியல் அறிந்த துணைவர் ஒருவர் தேவைப்பட்டார். இருவரும் இணைந்து ஆய்வு செய்ய முடிவு செய்தனர். ஆனால், ஹான் பணியாற்றிய எமில் பிஷரின் வேதியியல் நிறுவனத்தில் பெண்களுக்கு இடமில்லை. கீழ்த்தளத்தில் பழைய தச்சுக்கூடம் ஒன்று இருந்தது. வெளியிலிருந்தே நுழையத்தக்க தனி வாயில் அதற்கு உண்டு. அவ்வறையில் மட்டும் பணியாற்றலாம். மாணவர்கள் பயிலும் மேல்தளத்தில் கால்வைக்கக் கூடாது என்னும் கட்டுப்பாட்டோடு பிஷர் இசைவளித்தார். மைட்னர் அதனை ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டே பிரஷ்ய அரசு பல்கலைக்கழகங்களைப் பெண்களுக்குத் திறந்துவிட்டமையால் அக்கட்டுப்பாடு பின்னர் நீங்கியது.

அந்நாள்களில் அவருக்கு ஊதியம் இல்லை. வீட்டிலிருந்து வந்த சிறு தொகையைக்கொண்டு சிக்கனமாக வாழ்ந்தார். 1912இல் பெர்லினின் டாலெம் பகுதியில் கைசர் வில்லெல்ம் வேதியியல் நிறுவனம் தொடங்கப்பெற்றபோது ஹானும் மைட்னரும் அங்கே சென்றனர். அவ்வாண்டே பிளாங்க் அவரைத் தம் உதவியாளராக அமர்த்திக்கொண்டார். மறு ஆண்டில் நிறுவனமும் அவருக்கு ஊதியம் வழங்கத் தொடங்கியது.

முதல் உலகப்போரின்போது மைட்னர் ஆஸ்திரியப் படையின் மருத்துவமனைகளில் எக்ஸ் கதிர்ப்படம் எடுக்கும் பணியாற்றினார். போர் முடியுமுன்பே ஆய்வுக்கூடம் திரும்பினார். 91ஆம் தனிமமான புரோட்டாக்டினியத்தின் நீண்ட ஆயுளுடைய வடிவத்தைக் கண்டறிந்த செய்தியை 1918இல் ஹானோடு சேர்ந்து வெளியிட்டார். நிறுவனத்தின் இயற்பியல் பிரிவிற்குத் தலைவரானார். 1926இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நிலையை அடைந்தார். ஜெர்மனியில் இயற்பியல் பேராசிரியரான முதல் பெண்மணி அவரே. மேல்தளத்திற்குச் செல்லத் தடைவிதிக்கப்பட்டவர், இருபது ஆண்டுகளுக்குள் பல்கலைக்கழக மேடையில் நின்று பாடம் நடத்தினார்.

நாடு மறைந்தபோது

1933ஆம் ஆண்டு சனவரியில் ஜெர்மனியின் ஆட்சி ஹிட்லரின் கைக்குச் சென்றது. ஏப்ரல் திங்களில் இயற்றப்பட்ட சட்டம், யூத மரபினரை அரசுப் பணிகளிலிருந்து விலக்கியது. ஐன்ஸ்டைன் நாடு திரும்பவில்லை. ஹாம்பர்க்கில் ஆய்வு செய்துவந்த, மைட்னரின் தமக்கை மகன் ஓட்டோ ராபர்ட் ஃபிரிஷ் வேலையிழந்து வெளியேறினார். மைட்னர் இளமையிலேயே கிறித்துவ சமயத்தைத் தழுவியவர். எனினும் சட்டம் சமயத்தைப் பார்க்கவில்லை, பிறப்பைப் பார்த்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அவருடைய பல்கலைக்கழகக் கற்பிக்கும் உரிமை பறிக்கப்பட்டது.

ஆயினும் அவர் பணியாற்றிய ஆய்வு நிறுவனம் முழுமையாக அரசைச் சார்ந்ததன்று. மேலும், அவர் ஜெர்மானியக் குடிமகள் அல்லர், ஆஸ்திரியக் குடிமகள். அயல்நாட்டவர் என்பதால் அச்சட்டங்கள் அவரை முழுமையாகத் தீண்டவில்லை. கையிலிருந்த ஆஸ்திரியக் கடவுச்சீட்டு அவருக்குக் காப்பாக இருந்தது. வெளிநாட்டு வாய்ப்புகள் வந்தபோதும், தம் கையாலேயே கட்டியெழுப்பிய இயற்பியல் பிரிவை விட்டுச்செல்ல அவருக்கு மனம் வரவில்லை. 1934 முதல் ஹானுடனும், பின்னர் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மான் என்னும் இளம் வேதியியலறிஞருடனும் சேர்ந்து, யுரேனியத்தை நியூட்ரான்களால் தாக்கும்போது நிகழும் மாற்றங்களை ஆராய்ந்தார். அப்போதே வெளியேறாமல் இருந்தது தவறு என்பதை அவர் பிற்காலத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

1938ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் ஜெர்மானியப் படை ஆஸ்திரியாவிற்குள் நுழைந்தது. மறுநாளே ஆஸ்திரியா ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டது. ஒரே நாளில் மைட்னர் அயல்நாட்டவர் என்னும் நிலையை இழந்து ஜெர்மானிய ஆட்சிக்குட்பட்டவர் ஆனார். அவரைக் காத்துவந்த கடவுச்சீட்டு, இல்லாத ஒரு நாட்டின் தாளாக மாறியது. அவரால் நிறுவனத்திற்கே கேடு என்று உடன்பணியாற்றிய ஒருவரே பேசத் தொடங்கினார். மேலிடத்து அழுத்தத்திற்கு உள்ளான ஹான், இனி நிறுவனத்திற்கு வரவேண்டாம் என்று ஒருமுறை அவரிடம் கூறினார். முப்பது ஆண்டு நட்பில் அச்சொல் ஆறாத வடுவாயிற்று.

மறுக்கப்பட்ட விண்ணப்பங்கள்

மைட்னரின் நிலையறிந்த வெளிநாட்டு அறிஞர்கள் விரைந்து செயல்பட்டனர். சூரிச்சிலிருந்து பவுல் ஷெரர் அழைத்தார். கோபன்ஹேகனிலிருந்து நீல்ஸ் போர் அழைத்தார். உரையாற்ற வருமாறு அழைப்பதே அக்கடிதங்களின் வெளித்தோற்றம். வெளியேறுவதற்கு ஒரு காரணத்தை அமைத்துத் தருவதே அவற்றின் உள்நோக்கம்.

மே திங்களில் போரின் அழைப்பை ஏற்க முடிவு செய்த மைட்னர், நுழைவிசைவு வேண்டி பெர்லினிலிருந்த டென்மார்க் தூதரக அலுவலகத்திற்குச் சென்றார். கடவுச்சீட்டு என்பது, இவர் எம் குடிமகன் என்று ஒரு நாடு அளிக்கும் சான்று. நுழைவிசைவு என்பது, இவர் எம் நாட்டிற்குள் வரலாம் என்று மற்றொரு நாடு அளிக்கும் ஒப்புதல். முதலாவது செல்லத்தக்கதாக இருந்தால்தான் இரண்டாவதைத் தர இயலும். ஆஸ்திரியக் கடவுச்சீட்டு இனிச் செல்லாது என்பதால் டென்மார்க் அலுவலர்கள் நுழைவிசைவு தர மறுத்துவிட்டனர். உலகின் தலைசிறந்த இயற்பியலறிஞர்களுள் ஒருவர் தம் கைப்பட அழைத்திருந்தும், அவ்வழைப்பு அந்த மேசையைத் தாண்டிச் செல்லவில்லை.

எனவே, ஜெர்மானியக் கடவுச்சீட்டுப் பெறுவது ஒன்றே வழியாக எஞ்சியது. கைசர் வில்லெல்ம் கழகத்தின் தலைவரும் நோபல் பரிசு பெற்ற வேதியியலறிஞருமான கார்ல் பாஷ், மே 20ஆம் நாள் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். மைட்னர் நடுநிலை நாடு ஒன்றிற்குச் செல்ல அனுமதிக்கவேண்டும் என்று அதில் வேண்டினார். நான்கு வாரங்கள் கழித்து, சூன் திங்கள் இடையில் மறுமொழி வந்தது. பெயர்பெற்ற யூதர்கள் வெளிநாடு சென்று ஜெர்மனிக்கு எதிராகச் செயல்படுவதை அரசு விரும்பவில்லை. ஆகவே கடவுச்சீட்டு வழங்க இயலாது என்பது அதன் சாரம். காவல்துறையின் தலைமையிலிருந்த ஹிம்லரின் கருத்தும் அதுவே எனக் குறிக்கப்பட்டிருந்தது.

இம்மறுமொழி ஒரு கதவை மூடியதோடு நிற்கவில்லை. அதுவரை எவர் கண்ணிலும் படாமல் வாழ்ந்த மைட்னரின் பெயர் இப்போது ஆட்சியின் உச்சியில் இருந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. முறைப்படி செய்த விண்ணப்பமே அவருக்கு எதிரான சான்றாகியது. பணியில் தொடரவும் இயலாது. நாட்டைவிட்டுச் செல்லவும் இயலாது. அறிவியலறிஞர்கள் வெளியேறுவதற்கு எதிரான தடை விரைவில் கடுமையாகச் செயற்படுத்தப்படும் என்னும் செய்தியும் சூலைத் தொடக்கத்தில் பாஷுக்கு எட்டியது. காத்திருக்க இனிக் காலமில்லை.

தெரிந்து தெளிவோம்

யுரேனியத்தின் அணு எண் 92. பேரியத்தின் அணு எண் 56. கிரிப்டானின் அணு எண் 36. யுரேனியத்தின் அணுக்கரு பிளவுபட்டுப் பேரியம் ஒரு கூறாகத் தோன்றினால், மற்றொரு கூறு கிரிப்டானாக இருக்கும். 56உம் 36உம் சேர்ந்தால் 92 என்பதே அதன் எளிய கணக்கு.

நெதர்லாந்து நண்பர்கள்

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் டிர்க் கோஸ்டர் என்னும் இயற்பியலறிஞர் இருந்தார். ஹாஃப்னியம் என்னும் தனிமத்தைக் கண்டறிந்த இருவருள் ஒருவர் அவர். ஹார்லெம் நகரில் அட்ரியான் ஃபோக்கர் என்னும் இயற்பியலறிஞர் இருந்தார். மைட்னரைத் தங்கள் நாட்டிற்கு வரவழைக்க இவ்விருவரும் உறுதிகொண்டனர். பெர்லினில் பணியாற்றிவந்த நெதர்லாந்து அறிஞர் பீட்டர் டிபை, அங்குள்ள நிலைமையைக் கடிதங்கள் வழியே அவர்களுக்குத் தெரிவித்துவந்தார். கடிதங்கள் பிரித்துப் படிக்கப்படக்கூடும் என்பதால், உதவியாளர் ஒருவரைப் பணிக்கு அமர்த்துவது குறித்து எழுதுவதுபோல அவை அமைந்திருந்தன.

அது எளிய பணியன்று. ஜெர்மனியிலிருந்து ஏதிலிகள் பெருமளவில் வந்துகொண்டிருந்த காலம் அது. வேலையின்மையும் மிகுந்திருந்தது. வெளிநாட்டவரை ஏற்பதற்கு நெதர்லாந்து அரசு தயங்கியது. வருபவருக்கு எங்கே இடம், அவர் எவ்வாறு வாழ்வார் என்னும் வினாக்களுக்கு முதலில் விடை காட்டவேண்டியிருந்தது. கோஸ்டரும் ஃபோக்கரும் தம் நாட்டு இயற்பியலறிஞர்களுக்கெல்லாம் எழுதி நன்கொடை வேண்டினர். சிலர் ஆண்டுதோறும் சிறு தொகை தருவதாக ஒப்புக்கொண்டனர். பலர் இயலாமையைத் தெரிவித்தனர். தேவையான அளவில் ஒரு பகுதியே சேர்ந்தது. அதைக்கொண்டே அவர்கள் அமைச்சகங்களின் படிகளில் ஏறினர். மைட்னரின் பெயரையும் தகுதியையும் எடுத்துரைத்து, அவரிடம் செல்லத்தக்க கடவுச்சீட்டு இல்லாவிடினும் எல்லையில் அவரை ஏற்கவேண்டும் என்று மன்றாடினர்.

சூலை 11ஆம் நாள் அந்த இசைவு கிடைத்தது. கோஸ்டர் ஒரு நொடியும் தாழ்த்தாமல் பெர்லினுக்குத் தொடர்வண்டி ஏறினார். அன்றிரவே டிபையின் இல்லத்தை அடைந்தார்.

எல்லையைக் கடந்த நாள்

சூலை 12ஆம் நாள் காலையில் மைட்னருக்குச் செய்தி தெரிவிக்கப்பட்டது. எவருக்கும் ஐயம் எழாதிருக்க, வழக்கம்போல் அன்றும் அவர் நிறுவனத்திற்குச் சென்றார். இளம் ஆய்வாளர் ஒருவரின் கட்டுரையைத் திருத்திக்கொண்டே இரவு எட்டு மணி வரை அங்கிருந்தார். பின்னர், வீட்டில் ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு சிறு பெட்டிகளில் சில துணிமணிகளை எடுத்துவைத்தார். முப்பத்தோர் ஆண்டு வாழ்வின் நூல்கள், குறிப்பேடுகள், அறைகலன்கள் அனைத்தும் அங்கேயே நின்றன. பக்கத்து வீட்டாருக்கும் தெரியாமல் அவர் அன்றிரவை ஹானின் இல்லத்தில் கழித்தார். வழியில் எவருக்கேனும் கையூட்டுத் தர நேர்ந்தால் உதவட்டும் என்று, தம் அன்னையின் வைர மோதிரத்தை ஹான் அவரிடம் கொடுத்தார். மைட்னரின் பையில் இருந்த பணம் பத்து மார்க் மட்டுமே.

மறுநாள் காலையில் நண்பர் பால் ராஸ்பாட் அவரைத் தம் ஊர்தியில் தொடர்வண்டி நிலையத்திற்கு அழைத்துச்சென்றார். எல்லையை நோக்கிச் செல்லும் வண்டிகளில் காவலர் சோதனையிடுவர். செல்லத்தக்க ஆவணம் இன்றிப் பிடிபட்டவர் திருப்பியனுப்பப்படுவார் அல்லது சிறைப்படுவார். அச்சம் மேலிட, திரும்பிப் போய்விடலாம் என்று மைட்னர் வழியிலேயே வேண்டினார். ராஸ்பாட் அவரைத் தேற்றினார். வண்டியில் கோஸ்டர் காத்திருந்தார். எதிர்பாராமல் சந்தித்தவர்களைப்போல் இருவரும் வணக்கம் கூறி அமர்ந்தனர்.

மக்கள் மிகுதியாகப் பயன்படுத்தாத வடபகுதி வழியாக அவ்வண்டி சென்றது. நியூவேஸ்கான்ஸ் என்னும் சிற்றூரை ஒட்டி எல்லை அமைந்திருந்தது. அங்குப் பணியாற்றிய நெதர்லாந்து அலுவலர்களைக் கோஸ்டர் முன்னரே கண்டு அமைச்சகத்தின் இசைவைக் காட்டியிருந்தார். அவர்கள் ஜெர்மானிய எல்லைக்காவலரிடமும் பேசி வைத்திருந்தனர். ஐம்பத்தொன்பது வயதான அந்தப் பேராசிரியர், எவராலும் தடுக்கப்படாமல் எல்லையைக் கடந்தார். முன்னரே பேசி வைத்திருந்த குறிப்புமொழியில் கோஸ்டர் அனுப்பிய தந்தி, அவர் நலமாக வந்துசேர்ந்ததை ஹானுக்கு உணர்த்தியது.

ஆய்வுக்கருவி இல்லாத ஆய்வாளர்

நெதர்லாந்தில் நிலையான பணிக்கு வாய்ப்பில்லை. சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் மான்னே சீக்பான் நடத்திய இயற்பியல் நிறுவனத்தில் அவருக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. சில நாள் கோபன்ஹேகனில் போர் இணையரின் விருந்தினராகத் தங்கிய மைட்னர், ஆகஸ்ட்டுத் தொடக்கத்தில் சுவீடனை அடைந்தார்.

உயிர் தப்பியது, பணி தப்பவில்லை. புதிய நிறுவனத்தில் அவருக்கு அறை இருந்தது. கருவிகளும் உதவியாளர்களும் இல்லை. ஊதியம் மிகக் குறைவு. மொழி புதிது. தனிப் பிரிவிற்கே தலைவராக இருந்தவர், அறுபதாம் வயதை எட்டும் வேளையில் ஒரு புதிய ஆய்வு மாணவரைப்போலத் தொடங்கவேண்டியிருந்தது. பெர்லினில் விட்டுவந்த பொருள்களைப் பெறுவதற்கும் அவர் நீண்ட நாள் போராடினார். நுழைவிசைவு ஒருவரை நாட்டிற்குள் கொண்டுவந்து சேர்க்கும். அவர் வாழ்ந்த வாழ்வைக் கொண்டுவந்து சேர்க்காது என்பதை அந்நாள்கள் அவருக்கு உணர்த்தின.

ஆனால், அவர் சிந்தனையை எந்த எல்லையும் தடுக்கவில்லை. ஹானும் அவரும் கடிதங்கள் வழியே ஆய்வைத் தொடர்ந்தனர். நவம்பர்த் திங்களில் இருவரும் கோபன்ஹேகனில் சந்தித்தனர். ஹான் இச்சந்திப்பைப் பெர்லினில் வெளியிடவில்லை. யுரேனியத்திலிருந்து ரேடியம் தோன்றுவதாக ஹானும் ஸ்ட்ராஸ்மானும் கருதியதை மைட்னர் ஏற்கவில்லை. சோதனைகளை மீண்டும் நுட்பமாகச் செய்யுமாறு வற்புறுத்தினார். அவ்வாறு செய்தபோது தோன்றியது ரேடியம் அன்று, அதைவிட மிக இலேசான பேரியம் என்பது தெரியவந்தது. இயற்பியல் விதிப்படி இது எவ்வாறு இயலும் என்று கேட்டு, டிசம்பர்த் திங்களில் ஹான் மைட்னருக்கு எழுதினார்.

பனிவெளியில் பிறந்த விளக்கம்

கிறித்துமஸ் விடுமுறையில் மைட்னர் சுவீடனின் குங்கெல்வ் என்னும் சிற்றூரில் இருந்தார். கோபன்ஹேகனில் பணியாற்றிவந்த ஃபிரிஷ் அவரைக் காண வந்தார். ஹானின் கடிதத்தை இருவரும் ஆராய்ந்தனர். பனி மூடிய நிலத்தில் ஃபிரிஷ் பனிச்சறுக்குக் கட்டைகளோடு செல்ல, மைட்னர் உடன் நடந்தார். அணுக்கருவை உடைக்க முடியாத கல்லாகக் கருதாமல் நீர்த்துளியாகக் கருதினால் என்ன ஆகும் என்று அவர்கள் சிந்தித்தனர். நியூட்ரான் தாக்கியதும் அத்துளி நீண்டு, இடை மெலிந்து, இரண்டாகப் பிரியக்கூடும்.

வழியில் கிடந்த மரத்தண்டில் அமர்ந்து தாளில் கணக்கிட்டனர். பிரிந்த இரு கூறுகளும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் ஆற்றல் ஏறத்தாழ 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டாக வந்தது. இவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வருகிறது? அணுக்கருக்களின் நிறையைக் கணக்கிடும் முறை மைட்னரின் நினைவில் இருந்தது. பிளவின்போது ஒரு புரோட்டானின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு மறைகிறது எனக் கண்டார். ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி அந்நிறை ஆற்றலாக மாறினால் கிடைப்பதும் அதே 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். இரண்டு கணக்குகளும் பொருந்தின. உயிரியலில் செல் பிரிவதைக் குறிக்கும் சொல்லைக் கடன்பெற்று, அந்நிகழ்விற்குப் பிளவு என்று ஃபிரிஷ் பெயரிட்டார். இருவரின் விளக்கம் 1939ஆம் ஆண்டு பிப்ரவரியில் நேச்சர் இதழில் வெளிவந்தது.

பேரியத்தைக் கண்டறிந்த செய்தியை ஹானும் ஸ்ட்ராஸ்மானும் அதற்கு முந்தைய திங்களில் ஜெர்மனியில் வெளியிட்டிருந்தனர். நான்கு ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாய்வில் பங்கேற்ற மைட்னரின் பெயர் ஆசிரியர் வரிசையில் இல்லை. நாட்டைவிட்டு வெளியேறிய யூதப் பெண்மணியின் பெயரைச் சேர்ப்பது அன்றைய ஜெர்மனியில் இயலாத செயல். 1944ஆம் ஆண்டிற்குரிய வேதியியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. இழந்த கடவுச்சீட்டின் நிழல் அறிவியல் வரலாற்றின் பக்கத்திலும் விழுந்தது.

பிறருக்காக எழுதிய விண்ணப்பம்

1938 நவம்பரில் யூதர்களின் வீடுகளும் கடைகளும் வழிபாட்டிடங்களும் தாக்கப்பட்டபோது, மைட்னரின் தமக்கை கணவரும் ஃபிரிஷின் தந்தையுமான யுஸ்டினியன் ஃபிரிஷ் வியன்னாவில் கைது செய்யப்பட்டு டாகாவ் வதைமுகாமில் அடைக்கப்பட்டார். வெளிநாடு செல்வதற்குரிய இசைவு இருப்பதைக் காட்டினால், முகாமிலிருந்து விடுவிக்கப்படும் வாய்ப்பு அப்போது இருந்தது. தம்மிடம் பணமும் செல்வாக்கும் இல்லாத நிலையிலும், அவர்களுக்குச் சுவீடனின் நுழைவிசைவு பெற்றுத்தர மைட்னர் அயராது முயன்றார். இசைவு கிடைத்தது. அவர் விடுதலை பெற்று மனைவியோடு சுவீடன் வந்துசேர்ந்தார். அணுக்கருப் பிளவின் விளக்கம் உருவானதும், ஓர் உயிரை மீட்கும் விண்ணப்பங்கள் எழுதப்பட்டதும் அதே குளிர்காலத்தில்தான். அன்றைக்கு முத்திரையிட்ட ஒரு தாளின் மதிப்பு, கோஸ்டர் கொண்டுவந்த இசைவால் உயிர்தப்பிய மைட்னருக்கு நன்கு தெரிந்திருந்தது.

மனிதத்தை மறவாத அறிவு

இரண்டாம் உலகப்போரின்போது, அமெரிக்காவில் நடந்த அணுகுண்டு ஆக்கத்தில் பங்கேற்குமாறு 1943இல் அவருக்கு அழைப்பு வந்தது. வசதியான ஆய்வுக்கூடமும் பழைய நண்பர்களின் கூட்டும் அங்கே காத்திருந்தன. ஸ்டாக்ஹோமின் தனிமையிலிருந்து விடுபட அதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. ஆயினும் குண்டு செய்யும் பணியில் தமக்குப் பங்கு வேண்டாம் என்று உறுதியாக மறுத்துவிட்டார். செல்லுமாறு எல்லாக் கதவுகளும் திறந்திருந்தபோது செல்ல மறுத்தது அவருடைய சொந்தத் தெரிவு.

போருக்குப் பின் ஸ்டாக்ஹோமின் அரசு தொழில்நுட்ப நிறுவனத்தில் அவருக்குத் தக்க பணி அமைந்தது. 1949இல் சுவீடன் அவரைக் குடிமகளாக ஏற்றது. முதுமையில், 1960இல், உறவினர்கள் வாழ்ந்த இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1966இல் அமெரிக்க அரசின் என்ரிக்கோ ஃபெர்மி விருது ஹான், ஸ்ட்ராஸ்மான், மைட்னர் ஆகிய மூவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. பெர்லினில் ஒன்றாகத் தொடங்கிய ஆய்விற்கு மூவரும் ஒன்றாகப் பெற்ற அறிந்தேற்பு அது. 1968ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் லீசே மைட்னர் தம் எண்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார். 109ஆம் தனிமத்திற்கு 1997இல் மைட்னீரியம் என்னும் பெயர் முறைப்படி சூட்டப்பட்டது.

இன்று நம் நாட்டிலிருந்து எண்ணற்ற இளையோர் ஆய்வின் பொருட்டு அயல்நாடுகளுக்கு விண்ணப்பிக்கின்றனர். அழைப்புக் கடிதம், பொருளாதாரச் சான்று, கடவுச்சீட்டு ஆகியவற்றோடு அலுவலக வாயில்களில் காத்திருக்கின்றனர். மைட்னரிடம் திறமைக்குக் குறைவில்லை, அழைப்புக்கும் குறைவில்லை. அவருடைய பிறப்பைக் குற்றமாக்கிய ஓர் அரசு அவரைத் தாளற்றவராக்கியது. தங்கள் சொந்தப் பணத்தையும் நேரத்தையும் பாதுகாப்பையும் பொருட்படுத்தாத ஆய்வாளர் சிலர் அத்தாளைத் தேடிப் பெற்றுத் தந்தனர். கோஸ்டரும் ஃபோக்கரும் ஏறி இறங்கிய அலுவலகப் படிகள் இயற்பியல் நூல்களில் இடம்பெறுவதில்லை. ஆயினும், குங்கெல்வ் பனிவெளியில் எழுதப்பட்ட அந்தக் கணக்கிற்குச் செல்லும் வழி அப்படிகளின் மீதுதான் அமைந்திருந்தது.